வார்டில் நோயாளி மோசமாவதை முன்கூட்டியே பிடிப்பது: மூச்சு எண்ணுவதிலிருந்து டாக்டரை எழுப்புவது வரை

ஏதாவது ஒரு வார்டின் இரவு சார்ட்டை எடுத்து மூச்சுக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 20, 20, 18, 20, 20. பக்கத்துப் பெட்டுக்கும் அதே எண்கள். முப்பது பேர் படுத்திருக்கும் வார்டில் முப்பது பேரும் ஒரே கணக்கில் மூச்சு விடமாட்டார்கள், யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம்.

புது ஸ்டாஃபுக்கு வைட்டல்ஸ், அதாவது மூச்சு, பல்ஸ், பிபி மாதிரியான எண்கள், எடுக்கச் சொல்லித்தருவது பல வருஷமாக என் வேலையில் ஒரு பகுதி. எந்தக் காலேஜில் படித்து வந்தாலும் அவர்கள் தடுமாறுவது மூன்றே இடங்களில்: மூச்சை எண்ணாமல் எழுதுகிறார்கள், எழுதியதற்கு மதிப்பெண் போட்டுக் கூட்டாமல் விடுகிறார்கள், கூட்டிய பிறகும் போனை எடுக்கத் தயங்குகிறார்கள். வார்டில் திடீரென்று இதயம் நின்றுபோனதாகச் சொல்லப்படும் பலருக்கு அதற்குப் பல மணி நேரம் முன்பே எண்கள் மாறத் தொடங்கியிருக்கும். அந்த மணி நேரங்களை வீணாக்காமல் இருக்க என்ன வரிசையில் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு எண்ணும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டவேண்டும், மொத்தம் ஏற ஏற ஆபத்து. அதற்கு நான் பயன்படுத்துவது நியூஸ்-2 (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்). லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய அட்டவணை அது. உங்கள் ஆஸ்பத்திரியில் வேறு சார்ட் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், வேலை செய்யும் வரிசை மாறாது. ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மதிப்பெண் பொருந்தாது. அவர்களுடைய உடலின் இயல்பான எண்களே வேறு, அதற்குத் தனி அட்டவணைகள் இருக்கின்றன.

1. ரவுண்டுக்குக் கிளம்பும் முன்

வினாடி முள் உள்ள வாட்ச், இரண்டு அளவு கஃப் (பிபி பார்க்கக் கையில் கட்டும் பட்டை), பல்ஸ் ஆக்ஸிமீட்டர், தெர்மாமீட்டர், டார்ச், ஸ்ட்ரிப்போடு குளுக்கோமீட்டர், பேனா. எல்லாம் ஒரே டிரேயில் இருக்கட்டும். ஆக்ஸிமீட்டரை முதலில் உங்கள் விரலில் மாட்டிப் பாருங்கள். பாதி ரவுண்டில் ஒரு பொருளைத் தேடி ஸ்டேஷனுக்குத் திரும்பினால் அங்கே யாராவது இன்னொரு வேலை கொடுப்பார்கள், அப்புறம் மிச்சப் பெட்டுகளுக்குக் குத்துமதிப்பான எண்கள்தான் சார்ட்டில் ஏறும்.

கேஸ் ஷீட்டில் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். இவருக்கு வழக்கமான பிபி எவ்வளவு, மெட்டோப்ரோலால், அட்டினலால் மாதிரி பல்ஸைக் குறைக்கும் மாத்திரை போகிறதா, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) இலக்கு 88 முதல் 92 என்று டாக்டர் தனியாக எழுதியிருக்கிறாரா. இது தெரியாமல் எடுக்கும் எண்ணுக்கு ஒப்பிட ஆதாரமில்லை.

பெட் ஒன்றிலிருந்து வரிசையாகப் போகவேண்டாம். முந்தைய ரவுண்டில் மதிப்பெண் ஏறியவர், ஆபரேஷன் முடிந்து முதல் இரவில் இருப்பவர், இன்றைக்கு ஐசியூவிலிருந்து மாற்றி வந்தவர், வீட்டார் ஏற்கெனவே ஒருமுறை வந்து கூப்பிட்டவர், இவர்களிடம் முதலில் போங்கள். வரிசையாகப் போனால் 28-ஆம் பெட்டை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிடும், மோசமாகிக்கொண்டிருப்பவர் அங்கே இருந்தால் அந்த ஒரு மணி நேரம் அவருடையது.

2. தொடுவதற்கு முன் கால்மாட்டில் அரை நிமிடம் நில்லுங்கள்

கஃப் கட்டத் தொடங்கிவிட்டால் கண் மெஷினுக்குப் போய்விடும். அதனால் முதலில் ஆளைப் பாருங்கள். படுக்க முடியாமல் முன்னால் குனிந்து கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாரா? நெற்றியில் வியர்வை? ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? யூரின் பை போன ரவுண்டில் இருந்த அளவிலேயே இருக்கிறதா? மதியம் வாங்கி வைத்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே ஸ்டூலில் கிடக்கிறதா?

கூட இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "காலையிலிருந்ததைவிட இப்போ எப்படி இருக்கார்?" அவர்கள் ஆளை முப்பது வருஷமாகப் பார்க்கிறவர்கள், நாம் பார்ப்பது மூன்று நாளாக. இங்கிலாந்தில் 2024 முதல் ஆஸ்பத்திரிகளில் கொண்டுவந்த மார்த்தா விதிப்படி, நோயாளி மோசமாகிறார் என்று வீட்டார் கவலைப்பட்டால் வேறொரு குழு உடனே வந்து பார்க்கும்படி அவர்களே கேட்கலாம். நமக்கு அப்படி விதி இல்லாத இடத்திலும் அவர்கள் சொல்வதைச் சார்ட்டில் ஒரு வரியாக எழுதி வைக்கலாம்.

3. மூச்சை எண்ணுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். மெஷின் தானாகக் காட்டாத எண் இது என்பதால்தான் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் முதலில் மாறுவது இதுதான். தொற்று ரத்தத்தில் பரவினாலோ, திசுக்களுக்கு ரத்தம் போதாமல் போனாலோ உடம்பில் அமிலம் சேரும். அதைச் சரிக்கட்ட உடம்பு கார்பன் டை ஆக்ஸைடை வேகமாக வெளியே தள்ளும், மூச்சு கூடும். அந்த நேரத்தில் பிபி நன்றாகவே இருக்கும், சாச்சுரேஷனும் 97 காட்டும்.

எண்ணும் முறை இது. மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், பல்ஸ் பார்ப்பதாக அவர் நினைக்கட்டும். நாம் மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாராலும் இயல்பாக மூச்சு விடமுடியாது. போர்வை, சேலை மடிப்பு மறைத்தால் மணிக்கட்டோடு சேர்த்து அவர் கையையே வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஏறி இறங்குவது உங்கள் விரலுக்குத் தெரியும். முழு 60 வினாடி எண்ணுங்கள். நடுவில் அவர் பேசினாலோ இருமினாலோ விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் என்ன தப்பு என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவராவது கேட்பார். பெருக்கிப் பாருங்கள்: 16, 20, 24 மட்டும்தான் கிடைக்கும். 21, 22, 23 என்ற எண்களே வராது. அட்டவணையில் 12 முதல் 20 வரை பூஜ்யம், 21 முதல் 24 வரை 2, 25-ம் அதற்கு மேலும் 3. ஒரு மூச்சைத் தவறவிட்டால் இரண்டு மதிப்பெண் காணாமல் போகிறது.

குறைவதையும் கவனியுங்கள். 9 முதல் 11 என்றால் 1, 8-ம் அதற்குக் கீழும் என்றால் 3. ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின், ஃபெண்டனில் மாதிரி மூச்சைக் குறைக்கும் வலி மருந்து போனவர் "நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று நினைத்துத் தாண்டிப் போகும் இடம் இது. தூங்குகிறவரிடம்தான் மூச்சை எண்ணுவது சுலபமும்கூட.

4. சாச்சுரேஷனும் ஆக்ஸிஜனும்

96-ம் அதற்கு மேலும் பூஜ்யம், 94-95 என்றால் 1, 92-93 என்றால் 2, 91-ம் அதற்குக் கீழும் 3. ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 2 சேர்க்கவேண்டும். புதியவர்கள் மறப்பது இந்த 2-ஐத்தான். மாஸ்க்கில் 6 லிட்டர் ஓடும்போது வரும் 97-ம், வெறும் காற்றில் வரும் 97-ம் ஒன்றாகாது. எத்தனை லிட்டர், மூக்குக் குழாயா மாஸ்க்கா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் 2 லிட்டரில் 96 இருந்தவர் இப்போது 6 லிட்டரில் 96 என்றால் அவர் மோசமாகியிருக்கிறார், ஆனால் சாச்சுரேஷன் கட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாது.

விரல் சில்லென்று இருந்தாலோ, நகப்பூச்சு, கருப்பு மருதாணி இருந்தாலோ எண் தவறும். விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், அல்லது காதுமடலில் மாட்டும் ப்ரோபை எடுங்கள். பிபி கஃப் கட்டிய கையில் மாட்டவே வேண்டாம், கஃப் இறுகும்போது ரத்தம் நின்று எண் விழும். திரையில் அலை சீராக வரும்வரை காத்திருந்து அப்புறம் எழுதுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும், அதனால் 94-95 என்று விளிம்பில் நிற்கும் எண்ணை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கார்பன் டை ஆக்ஸைடு உடம்பில் தங்கிவிடும் நுரையீரல் நோயாளிகளுக்கு 88 முதல் 92 என்பதே இலக்கு, அவர்களுக்கு சார்ட்டில் இரண்டாவது அளவுகோல் இருக்கும். அதில் ஆக்ஸிஜன் ஓடும்போது 93-ம் அதற்கு மேலும் வந்தால் மதிப்பெண் ஏறும், அதிக ஆக்ஸிஜன் அவர்களுக்குக் கெடுதல் என்பதால். பீடி பிடித்தவர், ஆஸ்துமாக்காரர் என்று நாமே முடிவு செய்து இந்த அளவுகோலுக்கு மாறக்கூடாது. டாக்டர் எழுதியிருந்தால் மட்டும்.

5. பல்ஸ், பிபி

பல்ஸை விரலால் தொட்டுப் பாருங்கள், மெஷின் எண் ஒருபக்கம் இருக்கட்டும். சீராக இருந்தால் 30 வினாடி, தாறுமாறாக இருந்தால் முழு நிமிடம். தாறுமாறான துடிப்பில் மெஷின் சில துடிப்புகளை விட்டுவிட்டுக் குறைவாகக் காட்டும். கை சில்லென்றும் ஈரமாகவும் இருப்பது மெஷினில் வராது, உங்கள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் விரல் நுனியை 5 வினாடி அழுத்தி விடுங்கள். 2 வினாடிக்குள் நிறம் திரும்பவேண்டும்.

51 முதல் 90 வரை பூஜ்யம். 91 முதல் 110 வரையும், 41 முதல் 50 வரையும் 1. 111 முதல் 130 வரை 2. 131-ம் மேலும், 40-ம் கீழும் 3.

பிபியில் மேல் எண்ணுக்கு மட்டும்தான் மதிப்பெண். 111 முதல் 219 வரை பூஜ்யம், 101 முதல் 110 வரை 1, 91 முதல் 100 வரை 2, 90-ம் கீழும் 3. 220-ம் மேலும் 3. கஃப் கைக்குச் சரியான அளவில் இருக்கட்டும், பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினால் எண் கூடிவிடும். டயாலிசிஸ் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் கஃப் கட்டாதீர்கள்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. 88 வருகிறது. "மெஷின் சரியில்லை" என்று மறுபடி எடுப்பார்கள், 92. மறுபடி, 98. அந்த 98-ஐ எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டாவது முறை எடுப்பது சரிதான், அதைக் கையால் பம்ப் அடிக்கும் கருவியில் ஸ்டெத் வைத்து எடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் குறைந்த எண்ணையே நம்புங்கள். மூன்று எண்ணில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் நோயாளியின் நிலையை எழுதவில்லை, நம் ஆசையை எழுதுகிறோம்.

இளம் வயதுக்காரர்கள் பிபியைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பார்கள், விழுந்தால் ஒரேயடியாக விழும். வருஷக்கணக்காக 160-இல் இருக்கும் பாட்டிக்கு இன்றைக்கு 112 என்றால் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் அவருக்கு அது 48 குறைந்திருக்கிறது, டாக்டரிடம் சொல்லவேண்டிய எண்.

6. தெளிவு

முழு விழிப்போடு இருந்தால் பூஜ்யம். புதிதாகக் குழம்பியிருந்தாலும், கூப்பிட்டால் மட்டும் கண் திறந்தாலும், வலிக்கு மட்டும் அசைந்தாலும், எதற்கும் அசையாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண், 3. குழப்பத்துக்கு 3 என்பது 2017 திருத்தத்தில் சேர்ந்தது. பழைய சார்ட் வைத்திருக்கும் வார்டுகளில் அந்தக் கட்டமே இருக்காது, பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு நைட் டியூட்டி. சிறுநீர்த் தொற்றுக்குச் சேர்ந்திருந்த எழுபது வயது ஐயா. பதினொரு மணி வாக்கில் அவர் மகள் ஸ்டேஷனுக்கு வந்து, "அக்கா, அப்பா போர்வையைக் கிள்ளிக் கிள்ளி இழுத்துக்கிட்டே இருக்கார், என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிடுறார்" என்றாள். போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தார், நான் கூப்பிட்டதும் "ம்" என்றார். "தூக்கம் வரலைன்னா இப்படித்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்து சார்ட்டில் முழு விழிப்பு என்று எழுதினேன். மூச்சு 20 என்றும் எழுதினேன், எண்ணவில்லை. நாலு மணிக்கு அவரை எழுப்ப முடியவில்லை. ஐசியூவுக்குப் போனார், திரும்பி வரவில்லை. அந்தப் பெண் என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அதனால் இப்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன்: உங்க பேர் என்ன, இது எந்த இடம், கூட இருக்கிறது யாரு. பதில் தவறினால் கூட இருப்பவரிடம், "வழக்கமா இப்படித்தானா?" என்று கேளுங்கள். நேற்றுவரை சரியாக இருந்தார் என்றால் 3 போடுங்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டாலும், புதிது என்றே வைத்துக்கொண்டு 3 போடுங்கள்.

தெளிவு குறைந்திருந்தால் அங்கேயே விரல் நுனியில் குத்தி சுகர் பாருங்கள். டிரேயில் குளுக்கோமீட்டர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 70-க்குக் கீழ் இருந்தால் சில நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய காரணம் அது.

7. டெம்பரேச்சர்

நம் வார்டுகளில் ஃபாரன்ஹீட், அட்டவணையில் செல்சியஸ். அதனால் மாற்றியே சொல்கிறேன். 97 முதல் 100.4 வரை பூஜ்யம். அதற்கு மேல் 102.2 வரை 1, அதையும் தாண்டினால் 2. கீழே 95-ஐத் தாண்டி 96.8 வரை 1, 95-ம் கீழும் 3.

குளிர்ந்த உடம்புக்கு ஏன் காய்ச்சலைவிட அதிக மதிப்பெண் என்று யோசியுங்கள். வயதானவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் கடுமையான தொற்றிலும் காய்ச்சலைக் காட்டமாட்டார்கள், உடம்பு சில்லிட்டுப் போகும். அக்குளை முதலில் துடைத்துவிடுங்கள், வியர்வை இருந்தால் எண் குறையும். பாராசிட்டமால் கடைசியாக எப்போது போனது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

8. கட்டிலருகிலேயே கூட்டுங்கள்

ஸ்டேஷனுக்குப் போய்ச் சாவகாசமாகக் கூட்டலாம் என்று வைத்தால் அது நடக்காது. ஒரு உதாரணம் பார்ப்போம்.

62 வயது, சர்க்கரை நோய், கால் புண்ணுக்குச் சேர்ந்தவர். மாலை 6 மணிக்கு மதிப்பெண் 1. இரவு 10 மணிக்கு மூச்சு 22, சாச்சுரேஷன் வெறும் காற்றில் 95, பல்ஸ் 104, பிபி 112/70, தெளிவாகப் பேசுகிறார், டெம்பரேச்சர் 100.8. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே போன் போடத் தூண்டாது. கூட்டினால் 2, 1, 1, 0, 0, 1. மொத்தம் 5.

இப்போது மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3. ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் டாக்டரைக் கூப்பிடும் கோடு இருக்கிறது. 3 என்றால் அடுத்த பார்வை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் என்று அட்டவணை சொல்லும், அதாவது அதிகாலை. அவருடைய தொற்று அதுவரை காத்திருக்காது.

கோடுகள் இவை. பூஜ்யம் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். 1 முதல் 4 என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. மொத்தம் குறைவாக இருந்தும் ஏதாவது ஒரே கட்டத்தில் மட்டும் 3 வந்தால் மணிக்கு ஒருமுறை, டாக்டருக்கும் சொல்லவேண்டும். 5-6 என்றால் மணிக்கு ஒருமுறை, டாக்டர் அவசரமாக வந்து பார்க்கவேண்டும். 7-ம் மேலும் என்றால் இடைவிடாத கண்காணிப்பு, ஐசியூ அனுபவமுள்ள குழு உடனே வரவேண்டும். தொற்று இருப்பவருக்கோ, தொற்று சந்தேகம் உள்ளவருக்கோ 5 வந்தால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) என்று நினைத்தே பேசத் தொடங்குங்கள்.

9. மதிப்பெண் பிடிக்காத ஆட்கள்

மதிப்பெண் குறைவு என்பதால் மட்டும் யாரையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வார்டுகளில் இது நன்றாகவே தெரியும்.

டெங்கு. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், வீட்டார் சந்தோஷப்படுவார்கள், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான ஒன்றிரண்டு நாள் அப்போதுதான் தொடங்கும். டெம்பரேச்சர் 98.4, மூச்சு 20, பல்ஸ் 98, பிபி 102/84. கூட்டினால் 2-தான். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் 18-தான் இருக்கிறது பாருங்கள். 20-ம் அதற்குக் கீழும் இடைவெளி வந்தால் ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை, தொடங்கிவிட்டது. நியூஸ்-2 கீழ் எண்ணைப் பார்ப்பதே இல்லை. டெங்கு வார்டில் அந்த இடைவெளியைத் தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள். தொடர் வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

பாம்புக்கடி. கட்டுவிரியன், நல்லபாம்பு விஷத்தில் தசை தளரும். மூச்சின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆழம் குறைந்துகொண்டே போகும். இமை சரிகிறதா பாருங்கள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணமுடிகிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணச் சொல்லி எழுதி வையுங்கள். 25 வரை எண்ணியவர் 14-இல் நிறுத்தினால் சாச்சுரேஷன் விழும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு, தெளிந்துவிட்டார் என்று வார்டுக்கு மாற்றிய பிறகும், முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசை தளரலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள்.

பல்ஸைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் எவ்வளவு ரத்தம் இழந்தாலும் பல்ஸ் 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம். யூரின் மதிப்பெண்ணில் இல்லை, ஆனால் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழ் போனால், 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி, சொல்லவேண்டும். கடைசியாக, எண் எல்லாம் சரி, ஆனால் இவரைப் பார்த்தால் எனக்குச் சரியாகப் படவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் போன் போடப் போதுமான காரணம்.

10. போன் போடுவது

எண்ணைப் பிடித்தவர்கள் கோட்டைவிடும் இடம் இது. ராத்திரி ஒரு மணிக்கு டாக்டரை எழுப்பினால் திட்டுவார் என்ற பயம் நிஜமானது, அதை யாரும் இல்லையென்று சொல்லவேண்டாம். என்ன சொல்லப்போகிறோம் என்று தெளிவாக இருந்தால் பயம் பாதியாகும். போன் எடுக்கும் முன் சார்ட், கேஸ் ஷீட் இரண்டும் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலான புதியவர்கள் இப்படித் தொடங்குவார்கள்: "சார், பெட் 14 பேஷண்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கார் சார்." மறுமுனையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு இதில் எழுந்து வர எந்தக் காரணமும் இல்லை. "சரி, பாத்துக்கோங்க" என்று வைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லமுடியாது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு, பெட் 14. நியூஸ் 5, ஆறு மணிக்கு 1 இருந்தது. 62 வயசு, சுகர் பேஷண்ட், கால் புண்ணுக்கு ரெண்டு நாளா ஆன்டிபயாடிக் போகுது. மூச்சு 22, பல்ஸ் 104, பிபி 112/70, சாச்சுரேஷன் 95, டெம்பரேச்சர் 100.8. செப்சிஸா இருக்குமோன்னு சந்தேகப்படுறேன். அரை மணிக்குள்ள வந்து பாக்கணும் சார். நீங்க வர்றதுக்குள்ள பிளட் கல்ச்சர் எடுத்து வைக்கட்டுமா?" எந்த ஆள், முன்பு எப்படி இருந்தார், இப்போது என்ன, எனக்கு என்ன வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் முந்தையது எல்லாம் வெறும் தகவலாகப் போய்விடும். அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள், நேரத்தோடு எழுதுங்கள்.

அவர் வரவில்லை, அல்லது வேறொரு அவசரத்தில் மாட்டிக்கொண்டார் என்றால் அடுத்து யார்? சீனியர் டாக்டர், ஐசியூ டாக்டர், நர்சிங் சூப்பிரண்டண்ட். இந்த வரிசையையும் எண்களையும் பகலிலேயே பேசி வைத்து ஸ்டேஷன் சுவரில் ஒட்டிவிடுங்கள். ராத்திரியில் நெருக்கடி நடக்கும்போது யாரைத் தாண்டி யாரைக் கூப்பிடலாம் என்று புதுப்பெண் ஒருத்தி யோசித்துக்கொண்டு நிற்கும்படி விடக்கூடாது.

11. மறுபடி எடுப்பது

ட்ரிப்ஸ் போட்டாயிற்று, ஆக்ஸிஜன் வைத்தாயிற்று, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. இங்கேதான் எல்லோரும் மூச்சுவிட்டு உட்கார்வார்கள். அதே 62 வயதுக்காரரை 11 மணிக்கு மறுபடி பார்க்கும்போது மூச்சு 26, 4 லிட்டர் ஆக்ஸிஜனில் சாச்சுரேஷன் 97, பல்ஸ் 116, பிபி 104, தெளிவாக இருக்கிறார், டெம்பரேச்சர் 101.2. சாச்சுரேஷன் கட்டம் மட்டும் அழகாக இருக்கிறது. கூட்டினால் 3, 0, ஆக்ஸிஜனுக்கு 2, 2, 1, 0, 1. மொத்தம் 9. டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பது இரண்டாவது போனுக்குத் தடையில்லை. பார்த்த பிறகும் ஏறுகிறது என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டிய முதல் செய்தி.

அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை என்று எழுதிவிட்டு மூன்று மணி நேரம் போனது தெரியாமல் இருப்பது அலட்சியத்தால் நடப்பதில்லை, ஒரு ஸ்டாஃபுக்கு முப்பது பெட் என்பதால் நடக்கிறது. ஏறிய மதிப்பெண் உள்ளவரைத் தூங்கட்டும் என்று விடாமல் எழுப்பிப் பாருங்கள்.

12. டியூட்டி மாற்றும்போது

"பெட் 14 ஸ்டேபிள்" என்று ஒப்படைக்காதீர்கள். "ஆறு மணிக்கு 1, பத்துக்கு 5, பதினொன்றுக்கு 9, ஃப்ளூயிட் போன பிறகு ஒரு மணிக்கு 6, இப்போ 4, ஆக்ஸிஜன் இன்னும் 2 லிட்டர் ஓடுது, அடுத்து ஏழு மணிக்குப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் வருகிறவருக்கு வேண்டியது. கவலைக்குரிய பெட்டுகளுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். ஒப்படைக்கிறவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும், வாங்கிக்கொள்கிறவர் வாட்சைப் பார்க்கட்டும், முழு ஒரு நிமிடம் எண்ணி இருவரும் ஒத்துக்கொண்ட மூச்சு எண்ணிக்கையைக் காலைக் கட்டத்தில் முதல் எண்ணாக எழுதுங்கள்.